தாடி வைத்தவனெல்லாம் குண்டு வைத்தவனா?

"பாய் வீட்டுப் பையனா? கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இரு!"

டீக்கடை பெஞ்சிலே, பஸ்ஸிலே, ஷிப்டு முடிந்து சைக்கிள் எடுக்கும் இடத்திலே இந்தப் பேச்சு சர்வ சாதாரணமாக நடமாடுகிறது. சொல்கிறவன் பொல்லாதவனல்ல; நம்மைப் போல் உழைத்துச் சாப்பிடுகிறவன்தான். பக்கத்து ரிங் பிரேமில் நிற்கும் முஸ்லிம் தொழிலாளியிடம் பீடிக்கு நெருப்புக் கேட்கிறான், அவசரத்துக்குப் பத்து ரூபாய் கைமாற்று வாங்குகிறான். ஆனால் எங்கோ ஓர் ஊரில் குண்டு வெடித்தது என்று செய்தி வந்த அன்று, அதே தொழிலாளியின் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்க்கிறான். அந்த ஒரு நிமிஷப் பார்வையைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். அது தானாக முளைத்ததல்ல. விதைத்தவர்கள் இருக்கிறார்கள்; அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்தவர்களும் இருக்கிறார்கள்.

கோவையில் அறுவடை செய்தவர்கள் யார்?

கோவை பஞ்சாலைத் தொழிலாளியின் ஊர். 1946 ஜனவரி 8ல் சின்னியம்பாளையத்துத் தொழிலாளிகள் நால்வர் கட்டித் தழுவியபடி தூக்குமேடை ஏறிய ஊர். பார்வதி கிருஷ்ணனையும் கே.ரமணியையும் டில்லி பார்லிமெண்டுக்கு அனுப்பி வைத்த ஊர். அந்த ஊரில் 1997 நவம்பர் 29ந் தேதி உக்கடத்தில் ஒரு போலீஸ்காரர் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் கையளவு ஆட்கள். அவர்களைப் பிடித்துக் கூண்டில் ஏற்றுவதுதானே சர்க்காரின் வேலை? நடந்தது வேறு. போலீஸாரே மறியலில் இறங்கினார்கள். அடுத்த இரண்டு நாட்களில் துப்பாக்கிக்கும் கலகக் கும்பலுக்கும் பதினெட்டு முஸ்லிம்கள் பலியானார்கள். அடிபட்டு வந்தவர்களை ஆஸ்பத்திரி வாசலிலேயே மறித்துத் தாக்கினார்கள். முஸ்லிம்களின் கடைகள் பட்டப்பகலில் கொள்ளை போயின, எரிந்தன. எரிந்த பெரிய கடையில் துணி மடித்தவர்கள் யார்? எல்லா ஜாதி, எல்லா மதத்துக் கூலிக்காரர்களும்தான். அவர்களுடைய வேலையும் சேர்ந்துதான் எரிந்தது.

பிறகு 1998 பிப்ரவரி 14. நகரத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்; கை இழந்தவர்கள், கால் இழந்தவர்கள், கண் இழந்தவர்கள் அதில் உண்டு. வைத்தது அல்-உம்மா என்ற கூட்டம். இந்தப் படுபாதகத்தை மூடி மறைக்க நாம் வரவில்லை. பழிக்குப் பழி என்று அவர்கள் சொன்ன நியாயம் நியாயமே அல்ல. நவம்பரில் சுட்டவனுக்கும் எரித்தவனுக்கும் அந்தக் குண்டினால் ஒரு கீறல்கூட விழவில்லை. செத்தது பஸ்ஸுக்கு நின்றவன், தள்ளுவண்டிக்காரன், ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்க வந்தவன். 2007ல் கோர்ட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தண்டித்தது. அது கோர்ட்டின் கணக்கு.

ஊரின் கணக்கு என்ன ஆயிற்று? குண்டு வெடித்த சில நாட்களில் நடந்த பார்லிமெண்டுத் தேர்தலில், செங்கொடிக்கு ஓட்டுப் போட்டுப் பழகிய தொகுதியில், காவிக் கொடி லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தது. கோட்டைமேட்டில் தெரு முனைக்கு முனை போலீஸ் சோதனைச் சாவடி வந்தது. பால் வாங்கப் போகிறவனும் பள்ளிக்கூடம் போகிற பையனும் சோதனைக்கு நின்றார்கள். கோட்டைமேட்டு விலாசம் சொன்னால் வேலை இல்லை. முஸ்லிம் பெயர் சொன்னால் வாடகைக்கு வீடு இல்லை. மறு பக்கம் ஹிந்துத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? அவனுக்கு ஒரு எதிரி கிடைத்தான், அவ்வளவுதான். பஞ்சப்படி உயரவில்லை. நொடித்த ஆலை ஓடவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2020 மார்ச் ஊரடங்கோடு நின்ற தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கோவை ஆலைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. நாம் கேட்கிறோம்: அந்தப் பூட்டைப் போட்டவன் தாடி வைத்திருந்தானா? தொப்பி போட்டிருந்தானா?

மாலேகாவின் தறிக்காரர்கள்

மகாராஷ்டிரத்தில் மாலேகாவ் என்று ஓர் ஊர். விசைத்தறி ஊர். வடக்கேயிருந்து பிழைப்புத் தேடி வந்த முஸ்லிம் நெசவாளர்கள் தறி போட்டு வளர்த்த ஊர். நம் ஈரோடு, பள்ளிபாளையம் தறிக்காரனுக்கு அந்த ஊரின் சத்தமும் தூசியும் பார்க்காமலே தெரியும். 2006 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. இறந்து போன முன்னோருக்காகத் துவாச் செய்யும் பராஅத் நாள். கபர்ஸ்தானை ஒட்டிய பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது குண்டுகள் வெடித்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். செத்தவர்கள் முஸ்லிம்கள். வாசலில் நின்ற பிச்சைக்காரர்களும் குழந்தைகளும் அதில் உண்டு.

போலீஸ் யாரைப் பிடித்தது? ஒன்பது முஸ்லிம்களை! பராஅத் அன்று தங்கள் பள்ளிவாசலுக்குத் தாங்களே குண்டு வைத்துக் கொண்டார்களாம். ஐந்து வருஷம் கழித்துத்தான் ஜாமீன் கிடைத்தது, அதுவும் எல்லோருக்கும் இல்லை. வேறு ஒரு விசாரணை ஸ்தாபனம் வந்து, இந்தக் குற்றம் ஹிந்து வகுப்புவாத ஆசாமிகள் செய்தது என்று 2013ல் குற்றப்பத்திரிகை போட்டது. 2016 ஏப்ரலில் கோர்ட்டு அந்த முஸ்லிம்களை வழக்கிலிருந்து விடுவித்தது. ஒன்பது பேரில் ஒருவர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

அதே 2006ல், ஜூலை 11ந் தேதி, பம்பாய் மின்சார ரயில்களில் ஏழு குண்டுகள். நூற்றெண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பதின்மூன்று முஸ்லிம்கள் மீது வழக்கு. ஒன்பது வருஷம் உள்ளே வைத்து 2015ல் ஒருவரை நிரபராதி என்றார்கள். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மற்றப் பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள். 2025 ஜூலை 21ல் பம்பாய் ஹைகோர்ட்டு என்ன சொல்லிற்று? சாட்சியம் நம்பத்தக்கதல்ல, வழக்கு நிரூபிக்கப்படவில்லை, பன்னிரண்டு பேரும் விடுதலை! அவர்களில் ஒருவர் 2021ல் கொரோனாவில் சிறைக்குள்ளேயே செத்துப் போயிருந்தார். பத்தொன்பது வருஷம்! வாலிபனாகப் போனவன் நரைத்துத் திரும்பினான்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அந்தத் தீர்ப்பை எதிர்த்து மகாராஷ்டிர சர்க்கார் ஓட்டமாக ஓடி சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டிற்று. இந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளில் முன்மாதிரியாகக் காட்டக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால் வெளியே வந்தவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்ப உத்தரவிடவில்லை. பத்து நாள் கழித்து, ஜூலை 31ல், 2008ல் மாலேகாவில் நடந்த இன்னொரு குண்டு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த ஏழு ஹிந்துக்களும் விடுதலையானார்கள். அங்கேயும் சாட்சியம் போதவில்லை என்பதுதான் கோர்ட்டின் பேச்சு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் போனது யார் தெரியுமா? செத்தவர்களின் குடும்பத்தார்! ஒரு விடுதலை அதிர்ச்சியாம், இன்னொரு விடுதலை வெற்றி விழாவாம். மேளம் அடித்து இனிப்பும் கொடுத்தார்கள்.

நம்முடைய நியாயம் ஒன்றே. சாட்சியம் இல்லாமல் எவனையும் தண்டிக்காதே, அவன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி. இந்த நியாயத்தை ஆளுக்கொரு விதமாக அளக்கிறார்களே, அந்தப் படியில்தான் ஓட்டை இருக்கிறது. களத்து மேட்டில் கூலி நெல் அளக்கிறவனின் மரக்கால் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் நடந்த பிறகு ரயிலில் செத்தவர்களின் பெண்டு பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன? குண்டு வைத்தவன் யார் என்று இன்னும் அவர்களுக்குப் பதில் சொல்லப்படவில்லை. அகப்பட்ட முஸ்லிமைப் பிடித்துப் போட்டால் கேஸ் முடிந்தது என்ற வழக்கம் முஸ்லிமுக்கு மட்டும் துரோகமல்ல. உண்மைக் குற்றவாளி அந்த நேரத்தில் கை கழுவிக் கொண்டு வீட்டுக்குப் போகிறான்.

நம் பக்கத்துச் செய்தியும் ஒன்று உண்டு. 2008 ஜனவரியில் தென்காசி ஆர்.எஸ்.எஸ். காரியாலயத்தில் குண்டு வெடித்தது. ஊரே 'அவர்கள்தான்' என்று முணுமுணுத்தது. விசாரித்த போலீஸ் பிடித்தது ஹிந்து ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆட்களை. கலவரம் மூட்டத் தாங்களே வைத்தார்கள் என்று குற்றம் சாட்டியது. முணுமுணுத்த வாய்கள் அதற்குப் பிறகு என்ன சொல்லின என்று நமக்குத் தெரியவில்லை.

இந்த முத்திரை புதிதல்ல

ஒரு ஜனக்கூட்டத்துக்கே நெற்றியில் 'குற்றவாளி' என்று சூடு போடுவது வெள்ளைக்காரன் கற்றுக் கொடுத்த வித்தை. உசிலம்பட்டிப் பக்கத்துத் தோழர்கள் தங்கள் பாட்டன்மாரைக் கேட்ட கதையை நினைவுபடுத்திக் கொள்ளட்டும். குற்றப் பரம்பரைச் சட்டம், ஜனங்கள் சொன்ன பெயரில் ரேகைச் சட்டம். திருடினாலும் திருடாவிட்டாலும் அந்த ஜாதியில் பிறந்த ஆண் கைரேகை பதிய வேண்டும். ராத்திரி போலீஸ் கண் முன்னால் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூர் ஜனங்களை 1920 ஏப்ரல் 3ல் சுட்டார்கள். பதினாறு பேர் விழுந்தார்கள். 1947 வரை போராடித்தான் சென்னை ராஜ்யத்தில் அந்தச் சட்டத்தைக் குழி தோண்டிப் புதைக்க முடிந்தது. கோட்டைமேட்டுச் சோதனைச் சாவடியைப் பார்த்து, 'அவர்களுக்கு வேண்டியதுதான்' என்று சொல்கிறவர், தம் பாட்டன் கையில் பூசிய மையை மறந்து பேசுகிறார்.

நம் கட்சிக்கும் அந்தச் சூடு விழுந்திருக்கிறது. 1948ல் கம்யூனிஸ்டு என்றாலே பலாத்காரக்காரன். வீட்டில் சிவப்புத் துணி கிடந்தால் போதும், போலீஸ் வரும். சேலம் சிறையில் 1950 பிப்ரவரி 11ந் தேதி, பூட்டிய சிறைக்குள்ளே சுட்டு 22 தோழர்களைக் கொன்றார்கள். தஞ்சை ஜில்லாவில் சாணிப்பாலும் சவுக்கடியும் வேண்டாம் என்று சொன்ன பண்ணையாளையும் 'ரவுடி' என்றுதான் மிராசுதார் போலீஸில் எழுதிக் கொடுத்தான்.

இன்று அந்த வேலையை உபா சட்டம் செய்கிறது. முஸ்லிமைப் பிடிக்கத்தானே அந்தச் சட்டம், நமக்கென்ன என்று இருந்தவர்கள் பலர். 2018ல் அதே சட்டத்தில் பிடிபட்டவர் சத்தீஸ்கர் தொழிலாளிகளுக்காகச் சங்கத்திலும் கோர்ட்டிலும் உழைத்த சுதா பரத்வாஜ். மூன்று வருஷத்துக்கு மேல் சிறை. 2020ல் பிடிபட்டவர் நம் திருச்சி ஜில்லாவில் பிறந்து, ஜார்க்கண்டு ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சாமி. வயது 83. கை நடுக்கத்தால் தம்ளரைப் பிடிக்க முடியாதவர், உறிஞ்சிக் குடிக்க ஒரு குழல் கேட்டு மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5ல், ஜாமீன் கிடைக்காமலே செத்தார். இவர் வைத்த தாடி எந்த மதத்துத் தாடி?

தாடியையும் தலைப்பாகையையும் அமெரிக்க ஏகாதிபத்தியம் எப்போதும் வெறுத்து விடவில்லை என்பதையும் இங்கே சொல்லி வைப்போம். 1983ல் ஆப்கன் முஜாஹிதீன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே அழைத்து உட்கார வைத்து உபசரித்தவர் ஜனாதிபதி ரீகன். அன்று துப்பாக்கியும் டாலரும் கொடுத்து 'சுதந்திர வீரர்கள்' என்றார்கள். காரியம் முடிந்து, வளர்த்த கடா மார்பில் பாய்ந்த பிறகு, உலகத்து முஸ்லிம்கள் அத்தனை பேர் மேலும் பழி வந்தது.

தெரியாமையும் ஒரு காரணம்

எல்லாவற்றையும் சூழ்ச்சிக்காரன் மேலேயே போட்டு விட்டு நாம் தப்பித்துக் கொள்ள முடியாது. ஒரே ஆலையில் இருபது வருஷம் வேலை செய்த இருவர், ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்ததில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுப்பதோடு சரி. இந்த இடைவெளியில்தான் விஷம் ஊறுகிறது.

'அல்லாஹு அக்பர்' என்று கேட்டால் சண்டைக்கு அழைக்கிறார்கள் என்று நினைக்கும் தோழர் நம்மில் உண்டு. இறைவன் பெரியவன் என்பதுதான் அதன் அர்த்தம். தினம் ஐந்து வேளை பாங்கில் அதைத்தான் சொல்கிறார்கள். 'அவர்கள் பாஷையே வேறு' என்கிறவர்கள் உண்டு. தமிழ் முஸ்லிம் சொல்லும் சொற்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். பள்ளிவாசல், தொழுகை, நோன்பு, பெருநாள் - எந்த அரபிக் கப்பலில் வந்த சொற்கள் இவை? உமறுப் புலவர் ஐயாயிரம் பாட்டுக்கு மேல் சீறாப்புராணம் பாடியது எந்தப் பாஷையில்? நாகூரின் உயர்ந்த மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். கடலுக்குப் போகும் மீனவனும் பிள்ளை வரம் வேண்டும் ஹிந்துப் பெண்ணும் இன்றும் அங்கே போகிறார்கள். வீட்டில் உருது பேசும் முஸ்லிம்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இருந்தால் என்ன? தெலுங்கு பேசும் வீடுகளும் கன்னடம் பேசும் வீடுகளும் கோவையில் இல்லையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், விவசாயத் தொழிலாளர்களுக்காக. 1981 பிப்ரவரியில் திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் இஸ்லாத்தில் சேர்ந்தன. உடனே 'அரபு நாட்டுப் பணம், தேசத்துக்கு ஆபத்து' என்று ஒரே கூச்சல். பத்திரிகைகள் கொட்டின, டில்லித் தலைவர்கள் பறந்து வந்தார்கள். அந்த ஜனங்கள் அதற்கு முன்னால் எத்தனை தலைமுறை தனித் தம்ளரில் டீ குடித்தார்கள், எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாமல் இருந்தார்கள் என்று கேட்க ஒருவரும் அது வரை பறந்து வரவில்லை. சாதிக் கொடுமையிலிருந்து ஒருவன் ஓடினால், ஓடியவனைச் சந்தேகி; விரட்டியவனைக் கேட்காதே. முஸ்லிம் மேல் சந்தேகத்தைத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டு வந்ததில் இந்தக் கூச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு.

முஸ்லிம் தொழிலாளத் தோழர்களிடமும் மனம் விட்டுச் சில வார்த்தை. நெற்றியில் திருநீறும் குங்குமமும் வைத்தவனெல்லாம் ஆர்.எஸ்.எஸ். என்று எண்ணாதீர்கள். மாலை போட்டுப் பழனிக்கு நடக்கிறவன் உங்களைப் பழி வாங்கப் புறப்பட்டவனல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நேர்ந்து கொண்டவன். அவன் கொடுக்கும் பிரசாதத்தை உங்கள் மார்க்கப்படி வாங்க முடியாவிட்டால், ஏன் என்று அன்போடு சொல்லி விடுங்கள். சொல்லாமல் முகத்தைத் திருப்பினால் அவன் அவமானம் என்று எடுத்துக் கொள்கிறான். அடிபட்ட கோபத்தில் இருக்கும் உங்கள் வாலிபர்களைத் தேடி, ரகசியம் பேசிக் கொண்டு வருகிறவன் உங்கள் காவலன் அல்ல. அல்-உம்மா கோட்டைமேட்டுக்குக் கொடுத்தது சோதனைச் சாவடிதான். தோல் பதனிடும் ஆலைகளில் முதலாளி முஸ்லிமாக இருந்தால் முஸ்லிம் தொழிலாளிக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததை நாம் கண்டதில்லை. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் முஸ்லிம் பெண்ணுக்கும் திருநெல்வேலிப் பக்கத்து ஹிந்துப் பெண்ணுக்கும் ஆயிரம் பீடிக்குக் கூலி ஒன்றேதான், கழிவு என்று தள்ளுவதும் ஒன்றேதான்.

2020 மார்ச்சில் டில்லித் தப்லீக் மகாநாட்டுக்குப் போய் வந்தவர்களை வைத்து, கொரோனாவையே முஸ்லிம்கள் பரப்பினார்கள் என்று எழுதினார்கள். அந்த ஆகஸ்டிலேயே பம்பாய் ஹைகோர்ட்டின் ஔரங்காபாத் கிளை, வெளிநாட்டுத் தப்லீக்காரர்கள் மீதான வழக்குகளைத் தள்ளி, அவர்களைப் பலிகடா ஆக்கினார்கள் என்று சொன்னது. அதே காலத்தில் நம் ஊர்களில், சொந்தப் பிள்ளைகளே தொட அஞ்சிய ஹிந்துப் பிணங்களையும் தூக்கிச் சென்று அடக்கம் செய்தவர்களில் முஸ்லிம் வாலிபர்கள் முன்னணியில் நின்றார்கள். முதல் செய்தி எட்டிய வீடுகளில் பாதிக்குக் கூட இந்த இரண்டாவது செய்தி எட்டவில்லை.

2022 அக்டோபர் 23ல் உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கார் வெடித்தது. காரில் இருந்த வாலிபன் செத்தான். கோவை மறுபடி எரியும் என்று நாக்கைச் சப்புக் கொட்டிக் கொண்டு காத்திருந்தவர்கள் உண்டு. கடையடைப்பு என்று அழைப்பு வந்தது. பிறகு அது நடக்கவில்லை. நவம்பர் தொடக்கத்தில் ஜமாஅத்துப் பெரியவர்கள் நடந்து போய், அந்தக் கோவிலில் இருந்தவர்களைச் சந்தித்துப் பேசினார்கள். அவர்களும் வரவேற்று உட்கார வைத்தார்கள். 1997லேயே இப்படி நாலு பேர் இந்தப் பக்கத்திலிருந்தும் நாலு பேர் அந்தப் பக்கத்திலிருந்தும் நடந்திருந்தால் என்று நமக்குத் தோன்றாமல் இல்லை. அன்று சங்கங்கள் தளர்ந்து கிடந்தன. தெருவைக் கலகக்காரனே பிடித்துக் கொண்டான்.

ஆகவே ஒவ்வொரு ஆலைக் கமிட்டியும் விவசாயத் தொழிலாளர் கிளையும் உடனே செய்ய வேண்டியவை உண்டு. எங்காவது குண்டு, கத்திக்குத்து என்று செய்தி வந்த அன்றே வாயிற் கூட்டம் போட வேண்டும். வதந்தியை மறுநாள் வரை வளர விடக் கூடாது. வாடகைக்கு வீடு கிடைக்காத முஸ்லிம் தோழருக்காகச் சங்கத்து ஹிந்துத் தோழர் இருவர் வீட்டுக்காரரிடம் நேரில் போய்ப் பேச வேண்டும். நோன்பு மாதத்தில் ஷிப்டு மாற்றிக் கேட்கும் தோழருக்கு மற்றவர் விட்டுக் கொடுக்க வேண்டும்; தீபாவளிக்கு முந்திய ராத்திரி ஷிப்டை அவர் எடுத்துக் கொள்வார், கேட்டுப் பாருங்கள்.

சர்க்காரிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. குற்றமற்றவனைப் பத்தொன்பது வருஷம் பூட்டி வைத்து விட்டு, கதவைத் திறந்து 'போய் வா' என்றால் தீர்ந்ததா? ஆலையில் ஒரு நாள் அநியாயமாக நிறுத்தி வைத்தாலே சம்பளம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிறோம். பொய் வழக்கில் சிறைப்பட்டவனுக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சட்டம் வேண்டும் என்று சர்க்காரின் சொந்தச் சட்டக் கமிஷனே தன் 277வது அறிக்கையில் 2018ல் எழுதிக் கொடுத்தது. பம்பாய்க் கைதிகள் வெளியே வந்தது 2025ல். இடைப்பட்ட ஏழு வருஷத்தில் அந்தச் சட்டம் வரவில்லை. அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இதையும் எழுதுங்கள். பஞ்சப்படிக்குக் கீழே எழுதினாலும் சரி.